கடைசியாகத் தொட்டவர்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏற்கெனவே அது எழுதப்பட வேண்டிய அளவுக்கு மேல் பல இடங்களில் எழுதப்பட்டுவிட்டது. அதிலும் பாதிக்கு மேல் மற்றவர்கள் செய்த காரியங்களுக்காக. நானும் என் பங்குக்கு இன்னோர் இடத்தில் எழுதிவைக்க வேண்டாம் என்று பார்க்கிறேன்.

ஆபீஸில் அவருக்குப் பெயர் 'அடியேன்'. ஸ்ரீரங்கத்துக்காரர், கோயில் கைங்கர்யக் குடும்பம். வீட்டில் பெரியவர்கள் முன்னால் 'நான்' என்று சொல்லாமல் 'அடியேன்' என்று சொல்லிப் பழகிய வாய், திருச்சி கே.கே. நகரில் மாடியில் இருந்த எங்கள் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வந்த பிறகும் அதை முழுசாக விடவில்லை. முதலில் சிரித்தோம். கொஞ்ச நாளில் அதுவே பெயராகிவிட்டது. அப்படிக் கூப்பிட்டால் கோபம் வராது. "சொல்லுங்கோ" என்று நாற்காலியோடு திரும்புவார். நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு, காலர் தேய்ந்த அரைக்கைச் சட்டை, பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் விசைப்பலகையைப் பார்க்கும் கண்கள். என் வயதுதான் இருக்கும்.

எங்கே என்ன தப்பு நடந்தாலும் அதைப் போய்க் கூட்டிக்கொண்டுவந்து தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். டீ வர நேரமானால், "நான்தான் சீக்கிரமே சொல்லியிருக்கணும்." மாடியில் மழைநீர் ஒழுகி யாருடைய பையோ நனைந்தால், "நேத்தே அந்த விரிசலைப் பாத்தேன், என் தப்பு." ஒருநாள் காவேரிப் பாலத்தில் ஒரு ஆட்டோ பின்னாலிருந்து வந்து அவர் ஸ்கூட்டரில் இடித்துவிட்டது. இவர் இறங்கிப் போய் ஆட்டோக்காரரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். சண்டைக்குத் தயாராக இறங்கிய அந்த மனிதர் என்ன செய்வது என்று தெரியாமல், "பரவால்ல விடுங்க சார், அடுத்த தடவ பாத்து நில்லுங்க" என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனாராம். இதையும் அவரே வந்து சொன்னார். அப்போதும் தான் பிரேக் போட்டது கொஞ்சம் திடீரென்றுதான் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் ஒரு நிறுவனம் பல ஆஸ்பத்திரிகளின் குளிர்பெட்டிகளைக் கவனித்துக்கொண்டிருந்தது. தடுப்பூசி மருந்து வைக்கும் பெட்டிகள். உள்ளே இருக்கும் சென்சார் வெப்பநிலையை வரி வரியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். பெர்ல் மொழியில் எழுதிய எங்கள் ப்ரோக்ராம் அந்த வரிகளைப் படிக்கும். பெட்டி சூடானாலோ, குளிர் பூஜ்யத்துக்கு இறங்கி மருந்து உறையும் நிலை வந்தாலோ, அங்கே பொறுப்பில் இருப்பவருக்கு எச்சரிக்கை அனுப்பும். ப்ரோக்ராம் எழுதியவர்களில் நான் ஒருத்தி. அது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று டெஸ்ட் எழுதிப் பார்ப்பது அவர்.

டெஸ்ட் என்பதும் ஒரு சின்ன ப்ரோக்ராம்தான். பெரிய ப்ரோக்ராமிடம் போய்க் கேள்வி கேட்கும். இதைக் கொடுத்தால் அது வருகிறதா? வந்தால் திரையில் 'ஓகே' என்று ஒரு வரி. வராவிட்டால் 'நாட் ஓகே'. பெர்ல்காரர்களிடம் தொன்றுதொட்டு இதுதான் வழக்கம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எதைச் சோதிக்கிறோம் என்று ஒரு குறிப்பு எழுதிவைக்கலாம்.

அவர் எழுதும் டெஸ்ட் எடுத்ததும் 'ஓகே' என்று வந்துவிட்டால் அவருக்குப் பிடிக்காது. சரியாக ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராமை வேண்டுமென்றே ஓரிடத்தில் கெடுத்து, டெஸ்ட் விழுகிறதா என்று பார்ப்பார். 'நாட் ஓகே' வந்த பிறகுதான் முகம் தெளியும். கெடுத்ததைப் பழையபடி ஆக்கிவிட்டுத் தண்ணீர் குடிப்பார். "விழுந்து பாக்காத டெஸ்டை நம்பப்படாது. அது முழிச்சுண்டு இருக்கா, தூங்கறதான்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்பார்.

இதெல்லாம் நல்ல டெஸ்டருக்கு உள்ள குணம்தான். குறிப்பு எழுதும் விதம்தான் அவருக்கே உரியது. நான் சேர்ந்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். பெர்லில் மாதங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுவார்கள். ஜனவரி என்றால் பூஜ்யம். காட்டும்போது நாம்தான் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நான் மறந்துவிட்டேன், எல்லா அறிக்கையும் ஒரு மாதம் பின்தங்கிப் போனது. நல்லவேளையாக வெளியே போகும் முன் பிடித்துவிட்டார். இனி அந்தத் தப்பு நுழையாமல் இருக்க ஒரு டெஸ்ட் எழுதினார். குறிப்பில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: 'மாதத்தோடு ஒன்று கூட்டணும் - அடியேன் மறந்தது.'

"மறந்தது நான்ல?" என்றேன்.

"யார் மறந்தா என்ன? இனிமே டெஸ்ட் ஞாபகம் வெச்சுக்கும்."

அன்றைக்கு எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது. யார் சொதப்பினாலும் ஒரு டெஸ்ட் முளைக்கும், பக்கத்தில் 'அடியேன் மறந்தது' என்று இருக்கும். மொத்த டெஸ்டையும் ஓட்டினால் திரை முழுக்க அவருடைய மன்னிப்பு வரி வரியாக மேலே ஏறிக்கொண்டு போகும். ஒருமுறை வெளிநாட்டுக்காரர்கள் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். எங்கள் முதலாளி கொஞ்சமும் அசராமல், அது எங்கள் ஊரில் தரச் சோதனை முடிந்ததற்கு அடையாளமாகப் போடுவது என்று சொல்லிவைத்தார். அவர்கள் நம்பிவிட்டார்கள்.

கைலாசபுரத்திலிருந்து வந்துகொண்டிருந்த என் தோழி ஒருத்திக்கு மட்டும் இது பிடிக்காது. அவள் அப்பா அங்குள்ள பாய்லர் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தவர். "ரிஜெக்ட் ஆன பீஸ்ல யாரு மிஷின்ல வந்துச்சுன்னு எழுதலன்னா அடுத்த பீஸும் அப்படியேதான் வரும்னு எங்கப்பா சொல்லுவாரு" என்பாள். "இத நீங்க எல்லாம் பணிவுன்னு நெனைக்கிறீங்க. எனக்கென்னமோ திமிரு மாதிரி இருக்கு. தப்பு பண்றதுக்குக்கூட நமக்கு யோக்கியத இல்லன்னு சொல்றாரு."

நான் அவளை அடக்கினேன். ஆனால் அந்தப் பேச்சு மனதில் ஒட்டிக்கொண்டது.

அவரிடமே ஒருநாள் சுற்றி வளைத்துக் கேட்டேன். சாப்பாட்டு நேரம். ஆவணி மாதம், மறுநாள் லீவு கேட்டிருந்தார். கோயிலில் பவித்ரோத்ஸவம் என்றார். அது என்ன என்றேன்.

"வருஷம் பூரா பெருமாளுக்குப் பூஜை நடக்கறது. மனுஷா பண்றது இல்லையா? எங்கேயாவது ஒரு மந்திரம் விட்டுப் போயிருக்கும், ஒரு கிரியை முன்னே பின்னே ஆயிருக்கும். அந்த லோபத்துக்கு, குறைக்கெல்லாம் சேத்து ஒரு உத்ஸவம். பெருமாளுக்குப் பவித்ரம்னு நூல் மாலை சாத்துவா. எல்லாம் நேராயிடும்."

"யாரு விட்டதுன்னு கண்டுபிடிப்பாங்களா?"

சாதத்தைப் பிசைந்த கை நின்றது. இப்படி ஒரு கேள்வி இருக்க முடியும் என்றே அவர் நினைத்ததில்லை போலிருந்தது. "அதெல்லாம் கேக்கறதில்லையே" என்றார்.

எங்கள் வீட்டில் கதை வேறு. நான் பாலக்கரைக்காரி. தப்பு செய்தால் வருந்திப் பாவமன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்ய வேண்டும், அல்லாஹ் மன்னிப்பான். ஆனால் ஒரு மனிதருக்குச் செய்த தப்பை அந்த மனிதர்தான் முதலில் மன்னிக்க வேண்டும் என்பாள் என் அம்மா. சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் ரிப்பனை எடுத்துவிட்டு, தொழுகையில் அழுது மன்னிப்புக் கேட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். "அல்லாட ரிப்பனையா எடுத்த? போயி அவகிட்ட கேளு" என்று முதுகில் ஒன்று வைத்து அனுப்பினாள். யார், யாருக்கு என்பது எங்களுக்கு முக்கியம்.

இனி பெர்ல்டைடி விஷயம். பலர் பல விதமாக எழுதிய ப்ரோக்ராமை இடைவெளி, வரிசை எல்லாம் சீராக்கித் தரும் கருவி அது. அர்த்தத்தை மாற்றாது, தலை வாரிவிடுவதோடு சரி. ஒரு சனிக்கிழமை அவர் மொத்த ப்ரோக்ராமையும் அதில் போட்டு ஓட்டினார். திங்கட்கிழமை வந்து பார்த்தால் எல்லாம் பளிச்சென்று இருந்தது. அவரை மனதார வாழ்த்தினோம்.

ஆனால் எந்த வரியை யார் கடைசியாகத் தொட்டார்கள் என்று காட்ட எங்களிடம் ஒரு கட்டளை உண்டு. அதற்குப் பெயரே ப்ளேம், அதாவது பழி. பெர்ல்டைடி எல்லா வரியிலும் கைவைத்ததால், இப்போது எந்த வரியைக் கேட்டாலும் ப்ளேம் அவர் பெயரையே சொன்னது. நான் எழுதியது, தோழி எழுதியது, வேலையை விட்டுப் போனவர்கள் எழுதியது எல்லாவற்றுக்கும் இடது ஓரத்தில் அவர் பெயர். இதற்கு முந்தைய பெயர்களைத் தோண்டி எடுக்க வழி உண்டு. அந்தச் சிரமத்தை யார் படுவார்கள்?

"உங்க தலைல எல்லாத்தையும் போட்டுக்கிட்டீங்களே" என்று தோழி கேட்டாள்.

அவர் சிரித்தார். "இனிமே எல்லாம் அடியேனோடதுதான்." அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு சில மாதங்களில் என் மகள் பிறந்தாள். நான் லீவு முடிந்து திரும்பியபோது என் கணவர் ஷார்ஜா வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தார். என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. டீ குடிக்கும்போது இதை ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறேன். அவரும் இருந்தார், வழக்கம்போலக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு.

அந்த நாட்களில் வெளிநாட்டிலிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது. சில ஆஸ்பத்திரிகளில் புது சென்சார் பொருத்தப் போகிறார்கள். பழையது 4.0, 3.5 என்று புள்ளி வைத்து அனுப்பும். புதியது புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு 4, 3 என்று அனுப்பும். படித்தேன். எண் எண்தானே என்று மூடிவிட்டேன். குழந்தைக்கு அன்று சளி.

எண் எண் இல்லை. பெர்லுக்கு ஒரு குணம் உண்டு. வெறும் 0 வந்தால் அதை 'ஒன்றுமில்லை' என்று எடுத்துக்கொள்ளும். 0.0 என்று எழுத்தாக வந்தால் 'ஏதோ இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளும். நான் எழுதியிருந்த வரி, 'அளவு இருந்தால் சரிபார்' என்று சொன்னது. பழைய சென்சாரின் 0.0 வந்தவரைக்கும் சரியாக வேலை செய்தது. புதிய சென்சார் வெறும் 0 அனுப்பியதும், அளவே வரவில்லை என்று நினைத்து, முன்பு வந்த நல்ல அளவையே வைத்துக்கொண்டு ப்ரோக்ராம் பேசாமல் இருந்துவிட்டது. ஓர் ஆஸ்பத்திரியில் பெட்டி பூஜ்யத்துக்கு இறங்கி மருந்து உறைந்து, பிறகு பழையபடி இளகியது. எச்சரிக்கை போகவில்லை. உறைந்து இளகிய மருந்து பார்வைக்கு நன்றாகவே இருக்கும், வேலைதான் செய்யாது. தெரிவதற்குள் சில குழந்தைகளுக்கு அதைப் போட்டுவிட்டார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர்களை எல்லாம் திரும்ப அழைத்து மறுபடி ஊசி போட வேண்டியதாயிற்று.

முதலாளி எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். "வெளிநாட்டுக்காரங்க ஒரு பேரு கேக்குறாங்க. யாரோ ஒருத்தர வேலைய விட்டு எடுத்தாதான் காண்ட்ராக்ட் நிக்கும்" என்றார்.

சொன்னால் என் வேலை போய்விடும் என்று தெரியும். ஆனாலும் சொன்னேன். இதை நான் சத்தியமாகச் சொல்வேன், அன்றைக்கே, அந்த அறையிலேயே சொன்னேன்.

"சார், அது என்னோட வரி. புது சென்சார் பத்தின மெயிலும் எனக்குத்தான் வந்துச்சு. நான்தான் விட்டுட்டேன்."

"அப்படி இல்லை" என்றார் அவர். லேப்டாப்பை முதலாளி பக்கம் திருப்பி வைத்திருந்தார். "அந்த வரியைக் கடைசியாத் தொட்டது யாருன்னு பாருங்கோ."

"அது பெர்ல்டைடி ஓட்டினதால வந்த பேரு!" என்று கத்தினேன்.

"ஓட்டினது யாரு? தொட்டவன் படிச்சுப் பாத்திருக்கணும். சரி, வரியை விடுங்கோ. டெஸ்ட் யாரோடது? பூஜ்யத்துக்குன்னு டெஸ்ட் எழுதினவன் 0.0 குடுத்துப் பாத்தான். வெறும் 0 குடுத்துப் பாக்கலை. ப்ரோக்ராம்னா தப்பு இருக்கத்தான் இருக்கும், அதுக்காகத்தானே டெஸ்டே வெச்சிருக்கோம்? விழ வேண்டிய இடத்துல டெஸ்ட் விழலைன்னா அது டெஸ்டோட தப்பு. க்ஷமிக்கணும் சார்."

முதலாளி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரு போட்டி போட்டா நான் என்ன பண்றது? எனக்கு ஒரு பேரு போதும்" என்றார். திரையில் இருந்த பெயரை எழுதிக்கொண்டார்.

மாடிப்படியில் அவரை மறித்து நின்றேன். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "என் வீட்டு நெலம தெரிஞ்சுதான இப்படிப் பண்ணுனீங்க? உங்ககிட்ட யாரு கேட்டா?"

அவர் உண்மையாகவே குழம்பிப் போனார். "இல்லையே... நெஜமாவே அது என்னோடதுதான். வெறும் 0 குடுத்துப் பாத்திருக்கணும். எப்படி விட்டேன்னு தெரியலை." அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. நடிக்கத் தெரிந்த மனிதர் இல்லை அவர். அந்த வாரக் கடைசியில் வாட்ச்மேன் வரை ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வேலையை விட்டுப் போனார்.

அந்த மீட்டிங்குக்கு மறுநாளே அந்த வரியைத் திருத்தும் வேலை எனக்கு வந்திருந்தது. 'அளவு இருந்தால்' என்பதை 'அளவு என்று ஏதாவது வந்திருந்தால், அது பூஜ்யமே ஆனாலும்' என்று மாற்ற வேண்டும். ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும். சேர்த்தேன். அவர் வழக்கப்படி முதலில் வெறும் 0 கொடுத்து ஒரு டெஸ்ட் எழுதி, அது விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் சேர்த்தேன். டெஸ்டின் குறிப்பில் என் பெயரைப் போட்டு, 'இவள் மறந்தது' என்று எழுதினேன். அதோடு கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன்.

நேராகவில்லை. இப்போது யாராவது அந்த வரியின் வரலாற்றைப் புரட்டினால் என்ன தெரியும்? அவர் பெயரில் ஒரு தப்பான வரி. அதன் மேல் என் பெயரில் ஒரு சரியான வரி. அவர் உடைத்தார், நான் ஒட்டினேன். வெளிநாட்டிலிருந்து எனக்குத்தான் நன்றி மெயில் வந்தது. அடுத்த வருஷம் டெஸ்டிங் பிரிவுக்கே என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். புதிதாகச் சேர்பவர்களுக்கு அந்தப் பூஜ்யத்தை உதாரணமாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும், "அந்தத் தப்பு நான் பண்ணினது" என்று சொல்கிறேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். மேடம் ரொம்ப அடக்கம் என்று வெளியே பேசிக்கொள்வதும் என் காதில் விழுகிறது. உண்மையைச் சொல்லச் சொல்ல எனக்கு நல்ல பேர்தான் ஏறுகிறது. இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

அந்தச் சம்பவம் நடந்த மாதத்தில் மகளுக்கு ஊசி போடப் போனேன். நர்ஸம்மா பெட்டியைத் திறந்தபோது, "உள்ள எத்தன டிகிரிங்க இருக்கு?" என்று கேட்டேன். "ஏம்மா, நீ என்ன ஆபீசரா?" என்று அவர் சிரித்தார். ஊசி இறங்கியதும் குழந்தை வீறிட்டு அழுதது. தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். எங்கோ முகம் தெரியாத சில குழந்தைகள் இதே ஊசிக்கு இரண்டாம் தடவை அழுதிருக்கும். அவர்களிடம் போய்க் கேட்க எனக்கு வழியில்லை. கேட்க முடிந்த ஆள் ஒருவர்தான் இருந்தார், காவேரிக்கு அந்தப் பக்கம், ஒரு பஸ் தூரத்தில். போகவில்லை. போய் என்ன சொல்வது என்று தெரியாமல் வருஷங்களை ஓட்டிவிட்டேன்.

இந்த வருஷம் அம்மாவை உம்ராவுக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தேன். மக்காவுக்குக் கிளம்பும் முன்னால் தெரிந்தவர்கள் எல்லாரிடமும் போய், "ஏதாச்சும் தப்புத் தவறு நடந்திருந்தா மன்னிச்சுக்கங்க, எங்களுக்காகத் துஆ செய்யுங்க" என்று கேட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். சண்டை போட்ட சின்னம்மா, பேச்சு நின்ற பக்கத்து வீடு, மீன்காரம்மா, தையல்காரர், ஒருவர் விடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கேட்டாள்: "ஆபீஸ்ல யாரும் உன்னால மனசு நொந்தவங்க இல்லல்ல?"

 என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போயிட்டு வந்துரு. இத வச்சிக்கிட்டு அங்க போயி நிக்காத" என்றாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி ஸ்ரீரங்கத்தில் இறங்கி விசாரித்தேன். ராஜகோபுரத்துக்கு உள்ளே தள்ளி ஒரு வீதியில் சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஆதார், பென்ஷன், கரண்ட் பில் எல்லாம் ஆன்லைனில் செய்து தரும் கடை. தலை நரைத்திருந்தது, நெற்றிக் கோடு அப்படியே இருந்தது. வரிசையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். சர்வர் வேலை செய்யவில்லை என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். "என் தப்புதான், காத்தாலேயே உங்களுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கணும்" என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கேயோ சென்னையில் படுத்துவிட்ட சர்வருக்கு!

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "அடடே, வாங்கோ வாங்கோ. குழந்தை சௌக்கியமா? இப்போ பெரியவளா ஆயிருப்பாளே."

"உம்ராவுக்குப் போறோம். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு வந்தேன்."

"என்கிட்டயா? எதுக்கு?"

"அந்தப் பூஜ்யத்துக்கு. குளிர்பெட்டி. என் வரிக்காக உங்க வேல போச்சு."

அவர் நெற்றியைச் சுருக்கினார். "குளிர்பெட்டி மறக்குமா? இப்பவும் அந்தக் குழந்தைகளை நெனைச்சுப்பேன். சில நாள் பெருமாளைச் சேவிக்கறச்சே அதுதான் முதல்ல வரும். ஆனா அது என்னோட டெஸ்ட் இல்லையோ? அதுல நீங்க எங்கே வரேள்?"

"மீட்டிங்ல நான் எழுந்து சொன்னேனே. அது என் வரின்னு கத்தினேனே."

அவர் கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்தார். முகத்தை நேராகப் பார்த்து அவர் பேசியது அன்றுதான். "அந்த மீட்டிங்ல நீங்க இருந்தேளா?" என்று கேட்டார்.

 இத்தனை வருஷம் நான் சுமந்ததாக நினைத்ததையும் அவரே சுமந்திருக்கிறார். பழியை மட்டும் அல்ல, அந்தக் குழந்தைகளையும் சேர்த்து. எனக்கென்று ஒரு துளிகூட விட்டுவைக்கவில்லை. என்னிடம் இல்லாத ஒன்றுக்கு நான் எப்படி மன்னிப்புக் கேட்பது? தோழி சொன்ன 'திமிரு' ஞாபகம் வந்தது. அவர் கண்ணைப் பார்த்தால் திமிராகவும் தெரியவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

திக்கித் திணறி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். மெயிலை, சளியை, மாடிப்படியை, நன்றி மெயிலை. வரிசையில் நின்றவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கக் கேட்க அவர் முகம் வாடிப்போனது.

"இவ்வளவு நாளா இதை மனசுல வெச்சுண்டு நீங்க கஷ்டப்பட்டிருக்கேளா? ஒருதரம் ஃபோன் பண்ணி விசாரிச்சிருக்கலாம் நான். தோணவே இல்லை. கூட வேலை செஞ்சவாளை இப்படி விட்டுட்டேனே." மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து கையைக் கூப்பிவிட்டார். "நீங்கதான் அடியேனை மன்னிக்கணும். நல்ல யாத்திரைக்குப் போறேள். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கோ."

"அய்யோ, நான் கேக்க வந்தேங்க..."

"சொல்லுங்கோ."

கூப்பிய கை இறங்கவில்லை.  வரிசையில் முதலில் நின்ற அம்மாள் பொறுமை இழந்து, "அவருதான் இவ்ளோ கேக்குறாருல்ல, சொல்லிட்டுப் போயேம்மா. பென்ஷனுக்கு சர்டிபிகேட் எடுக்கணும், எனக்கு நேரமாகுது" என்றார்.

"மன்னிச்சுட்டேன்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. விழ வேண்டிய டெஸ்ட் விழுந்ததும் வருமே, அதே தெளிவு. உள்ளே போய் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, அந்த அம்மாளிடம் கட்டைவிரலை ரேகைக் கருவியில் வைக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "மன்னிப்புக் குடுத்தாச்சா?" என்று கேட்டாள். "ஆச்சு" என்றேன். யார் யாருக்குக் கொடுத்தது என்று அவள் கேட்கவில்லை.